மஞ்சள் பின்னே போதும்

இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஜெயராணி அக்காவின் கல்யாண டிவிடியைப் புது டிவியில் போடுவதாக அப்பா எல்லாருக்கும் சொல்லியிருந்தார். சிதம்பரத்திலிருந்து அக்காவும் ராஜவேல் மாமாவும் வருகிறார்கள். பெண்ணாடத்திலிருந்து தைலம்மாள் அத்தை வருகிறாள்.

நாற்பது இஞ்ச் டிவி, ஐந்து ஸ்பீக்கர், டிவிடி பிளேயர் எல்லாம் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. கேபிள்தான் பாக்கி. மாமா இரண்டு வகையும் வாங்கி அனுப்பியிருந்தார். ஒன்று மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் வைத்த பழைய வகை. இன்னொன்று எச்.டி.எம்.ஐ. எது நல்லது என்று அப்பா என்னைக் கேட்டார். சிப்காட்டில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர். ஆனால் நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்ததிலிருந்து, வீட்டில் பியூஸ் போனால்கூட என்னைக் கேட்காமல் கை வைப்பதில்லை.

மஞ்சள் பின்னே போதும் என்றேன்.

அது உண்மையில்லை. மஞ்சள் பின்னில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து போகும். போய்ச் சேர்ந்த பிறகு முழுதாகப் பிரியாது. ஓரங்கள் கசியும். எச்.டி.எம்.ஐ.யில் படம் எண்களாகப் போய் எண்களாகவே இறங்கும். எனக்கு அந்தக் கசிவு வேண்டியிருந்தது.

டிவிடியைப் புவனகிரி ஸ்டூடியோவில் போய் வாங்கியவள் நான். அங்கே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். கடைசிப் பந்தியைக் கேமரா மெதுவாகச் சுற்றி வந்தது. மூலையில் நான். பக்கத்து இலையில் தமிழ்வேந்தன். என்னோடு படித்தவன், கிள்ளைப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. தான் கடித்த ஜாங்கிரியின் மீதியை என் இலையில் வைக்கிறான். நான் எடுத்துச் சாப்பிடுகிறேன். அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண் யாருடைய எச்சிலைச் சாப்பிடுவாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டால் சிதம்பரத்தில் எம்.எஸ்சி. சேர விடமாட்டார்கள். அவனையும் இனி பார்க்க முடியாது.

மதியம் அப்பா தூங்கும்போது மஞ்சள் பின்னைச் செருகி, சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பந்தியின் மூலையில் இலைகள் பச்சைச் சதுரங்களாக மிதந்தன. முகங்கள் இல்லை. ஒரு ஆரஞ்சுப் புள்ளி, தண்ணீருக்கு அடியில் போவதுபோல, ஒரு பச்சையிலிருந்து இன்னொரு பச்சைக்குப் போனது. ஜன்னலில் வேப்பிலைகள் அசைந்தன. திரையில் அவற்றின் நிழலும் அசைந்தது. எது கல்யாணம், எது நிழல் என்று பிரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தப் புள்ளி என்ன என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஞாயிறன்று எல்லாரும் உட்கார்ந்தார்கள். அத்தை யார் என்ன புடவை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி தப்பு. மாமா டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்னா பூஜா, பிசிக்ஸ் படிச்சிட்டு பழைய பின்ன சொருகி வெச்சிருக்க? டிவி உனக்கு என்னா பாவம் பண்ணுச்சு?"

சிரித்தார்கள். அது படித்த பிள்ளை, காரணமில்லாமல் செய்யாது என்று அப்பா அவரை அடக்கினார்.

தாரை வார்க்கும் இடம் வந்தது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அம்மா பக்கம் குனிந்தார்.

"என் கண்ணு போயிடுச்சு போலருக்கு மகேசு. ஜெயா மூஞ்சியே சரியா தெரியல."

நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அம்மா. ரிட்டயர் ஆனதிலிருந்தே அப்பாவுக்கு அந்தப் பயம் உண்டு. இடது கண்ணை மூடி ஒருமுறை, வலது கண்ணை மூடி ஒருமுறை திரையைப் பார்த்தார்.

நான் எழுந்துபோய் மஞ்சள் பின்னைப் பிடுங்கினேன். திரை நீலமானது. எச்.டி.எம்.ஐ.யைச் செருகி, ரிமோட்டில் மாற்றினேன்.

அக்காவின் கன்னத்தில் கண்ணீர் எந்த இடத்தில் நின்றது என்றுகூடத் தெரிந்தது. அப்பாவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த அப்பா கண்ணைத் துடைத்தார். சிரித்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "இவ்ளோ நல்லா தெரியுதே, ஏம்மா அத வேணாம்ன?"

பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. கேபிளில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அப்பா நம்பியிருப்பார்.

"கடைசிப் பந்தியில தமிழ்வேந்தன் கடிச்ச ஜாங்கிரிய நான் சாப்புட்றது இதுல தெரியும்ப்பா. அவரத்தான் கட்டிக்கப் போறேன்."