கையைக் கட்டிப்போட்ட மகன்

புதன்கிழமை கேஸ் கூட்டம் என்றாலே அக்காவுக்கு முதலில் கொட்டாவிதான் வரும். அடுத்தவர் இடுப்பைச் சரிசெய்தே தன் இடுப்பைக் கெடுத்துக்கொண்ட பிசியோதெரபிஸ்ட் அவள். வயது நாற்பத்தெட்டு. அறுபதைத் தொட்ட பெரிய டாக்டர் உட்பட அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் அக்காதான். யார் முதலில் கூப்பிட்டார்களோ, ஒட்டிக்கொண்டது.

கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசப்படும் நோயாளி யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஆணைப் பெண்ணாக்க வேண்டும், மருமகளை மகளாக்க வேண்டும், கொத்தனாரைக் கணக்கு வாத்தியாராக்க வேண்டும். நோயும் சிகிச்சையும் மட்டும் உள்ளபடி இருக்கும். "நாம பாக்க வேண்டியது வைத்தியத்தை, ஆளை இல்ல" என்பார் பெரிய டாக்டர். அக்காவும் அந்தக் கட்சிதான். ஆளைப் பார்த்தால் பாவம் பார்க்கத் தோன்றும். பாவம் பார்த்தால் மடங்காத முழங்கால் கடைசிவரை மடங்காது.

அன்றைக்கு ஒட்டடைக்குச்சியின் முறை. வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன். நல்ல உயரம், பிடித்துப் பார்க்கச் சதை கிடையாது. திரையில் ஒரு கையின் படத்தைப் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"பக்கவாதம் வந்து அஞ்சு மாசம் ஆன ஒரு அம்மா. வலது கை பாதிப்பு. மத்தியானம் நான் போறப்ப ஸ்பூனைப் பிடிச்சு அவங்களே சாப்பிடுறாங்க. கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். சாயங்காலம் மகன் வந்து ஊட்டிவிடுறார். அப்ப மட்டும் கையைத் தூக்கவே மாட்டாங்களாம். அவங்களே சொன்னாங்க."

"மகன்கிட்ட பேசினியா?" என்றார் பெரிய டாக்டர்.

"அவரை நான் பாத்ததே இல்ல சார். காலையில போனா இருட்டுறப்பதான் வருவாராம். பகல்ல சின்ன மகன் இருக்கார். ராத்திரி வேலை போல. கதவைத் திறந்துவிட்டுட்டுப் போய்ப் படுத்துருவார்."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. களைத்துப்போனவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேறெதுவும் வரச் சக்தி இருக்காது.

"அஞ்சு மாசத்துல ஒரு நாளாவது அந்த ஸ்பூனைக் கையில குடுத்துப் பாத்தானா? பாக்க மாட்டான். ஊட்டினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும், அவங்களா சாப்பிட்டா ஒரு மணி நேரம் ஆகும். அவன் அவசரம் அவனுக்கு. கேட்டா பாசம்பான். அந்த அம்மா கையை நோய் கட்டிப்போடல, மகன்தான் கட்டிப்போட்டிருக்கான்."

"அக்கா இன்னைக்கு டீ குடிக்கலபோல" என்று பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"சரி, என்ன செய்யலாம்?" என்றார் பெரிய டாக்டர்.

"தட்டை வச்சுட்டு ரூமை விட்டு வெளியே போகணும். பசிச்சா கை தானா வரும்" என்றாள் அக்கா.

பெரிய டாக்டர் அதை அப்படியே பலகையில் எழுதினார். அக்கா நாற்காலியில் சாய்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக்கொண்டாள்.

ஒட்டடைக்குச்சி தொடர்ந்தான். "விரலுக்கு பட்டன் போடுற பயிற்சி குடுக்கலாம்னு பாத்தேன் சார். முடியல. எல்லாச் சட்டையிலயும் பட்டன் ஓட்டையை அடைச்சு, உள்ளே ஒட்டுற பட்டை வச்சுத் தச்சிருக்காங்க. வெளியே பாக்குறதுக்கு அதே பட்டனை அழகுக்கு வச்சிருக்காங்க."

"அம்மாவுக்கு ஏதுப்பா சட்டை?" என்றாள் முன்வரிசை நர்ஸ்.

அறையே கொல்லென்று சிரித்தது. ஒட்டடைக்குச்சி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆணைப் பெண்ணாக்கியவன் சட்டையைக் கழற்ற மறந்துவிட்டான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சட்டைகளைத் தன் அப்பாவுக்காகத் தைத்தவள் அவள். ஒரு விடுமுறை நாளை முழுங்கிய வேலை. பட்டன் இல்லாமல் வெளியே போக அப்பா கூசுவார் என்று, வெளியே பட்டனை வைத்ததும் அவள் யோசனைதான். இந்த மெனக்கெடல் வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. அப்பாவுக்கு வீட்டுச் சிகிச்சை ஏற்பாடு செய்தபோது தம்பியிடம் அவளே சொல்லியிருந்தாள்: "என் பேரை எடுக்காத. அப்புறம் ஆளாளுக்கு எனக்கு யோசனை சொல்ல வந்துருவாங்க." இப்போது யோசனை சொல்லியாகிவிட்டது, அதுவும் அவள் வாயாலேயே.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். செருப்பு நாற்காலிக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது.

"கடைசியா ஒண்ணு சார்" என்றான் ஒட்டடைக்குச்சி. "என்கிட்ட சாப்பிடுறீங்க, மகன்கிட்ட மட்டும் ஏன் மாட்டேங்குறீங்கன்னு கேட்டேன். 'நாளெல்லாம் நின்னுக்கிட்டே வேலை பாக்குற பிள்ளை அது. ஊட்டும்போது மட்டும்தான் என் பக்கத்துல உக்காருது. நானே சாப்பிட்டா தட்டை வச்சுட்டுத் துணி துவைக்கப் போயிரும்'னாங்க."

அக்காவுக்குக் காது இரண்டும் சுட்டது. வெட்கமா, அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து மாதமாக ஒரு கடனைக் கழிப்பதுபோல் ஊட்டியிருக்கிறாள். வாயைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

"அப்ப அக்கா சொன்னதுதான்" என்று பெரிய டாக்டர் பேனாவை மூடினார். "மகன் வெளியே போகட்டும்."

"இல்ல சார்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அதை அழிங்க."

"நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"தெரியாம சொன்னேன். வெளியே போக வேணாம். அவனும் ஒரு தட்டை வச்சுக்கிட்டு பக்கத்துல உக்காரட்டும். ஊட்ட மட்டும் வேணாம்."

"அந்த மகனுக்கு நேரம் இருக்காதுக்கா" என்றான் ஒட்டடைக்குச்சி. "பாவம், அவரும் அலுத்துப்போய்த்தான் வருவாராம்."

பாவம் என்று அவளை யாரும் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. "தெரியும்" என்றாள்.

அன்று மாலை வழக்கம்போல் தம்பி அவளை வாசலில் கடந்து வேலைக்குப் போனான். அப்பா கட்டிலை ஒட்டிய மேசைமுன் காத்துக்கொண்டிருந்தார். துவைக்க வேண்டிய துணி மூலையில் அப்படியே கிடந்தது. அக்கா இரண்டு தட்டுகளில் சாப்பாடு போட்டு வந்து, ஒன்றை அவர்முன் வைத்தாள். அப்பா வாயைத் திறந்தார். அவள் ஸ்பூனை அவர் வலது கைப்பக்கம் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் இங்கதான் சாப்பிடப் போறேன்பா. எங்கயும் போகல."

அப்பா வாயை மூடினார். அவளையும் ஸ்பூனையும் மாறி மாறிப் பார்த்தார். கள்ளம் பிடிபட்டவரின் முழி. பிறகு கையை மெதுவாக நகர்த்தி ஸ்பூனைப் பிடித்தார், அள்ளினார், கொஞ்சம் சிந்தினார், விழுங்கினார். நேற்று இன்று பழகிய கை இல்லை அது.

"என்னை நல்லா ஏமாத்துனீங்கப்பா" என்றாள். சண்டை போடத்தான் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அடுத்த வாயை அள்ளினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு கொஞ்சம் இழுக்கும். சாப்பிடும்போது பேசினால் புரையேறும் என்று அவள்தான் மிரட்டி வைத்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆகும் என்று கூட்டத்தில் அடித்துச் சொன்னாளே, அவ்வளவெல்லாம் ஆகவில்லை. தட்டு காலியானது. சட்டையில் சிந்தியதை அவரே தட்டிவிட்டுக்கொண்டார்.

அக்கா பழக்கதோஷத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்பாவின் வலது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி வலுவில்லை, உதறினால் விட்டுவிடும்.

"உன்... தட்டு... அப்படியே இருக்கு" என்றார். "உக்காந்து சாப்பிடு."