சைமி பாராட்டிய நாள்

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. ஒட்சோ எழுந்தான். காபி இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றினான், தூள் போட்டான், பொத்தானை அமுக்கினான். காபி இறங்குவதற்குள் பல் தேய்த்தான். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே வெள்ளரிக்காய் வைத்து, நின்றபடியே சாப்பிட்டான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சைக்கிளை எடுத்தான். ஜூன் மாதம். சூரியன் அவனுக்கு முன்பே எழுந்து பாதி வேலையை முடித்திருந்தது. கடலோரத்து மெரிகல்லியோ கப்பல் கட்டும் தளத்தின் வாசலில் அட்டையைக் காட்டினான். கதவு திறந்தது.

நேற்றும் இப்படித்தான். அவன் மனைவி சைமி இறந்த அக்டோபரிலிருந்து எல்லா நாளும் இப்படித்தான். முப்பத்திரண்டு வயதுப் பெண், தூக்கத்தில் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனுக்கு அழுகை வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை.

தலைக்கவசங்களுக்குத் தீனி போடுவதுதான் அவன் வேலை. கவசத்தின் முன்னால் ஒரு கண்ணாடி இருக்கும். அதை மாட்டிக்கொண்டு வெறும் இரும்புச் சுவரைப் பார்த்தால், இனிமேல் வரப்போகும் குழாய்கள் எல்லாம் பச்சை நிறத்தில் அந்தந்த இடத்தில் நிற்கும். தப்பான இடத்தில் பொருத்தினால் பச்சை சிவப்பாகும். வரைபடம் போடுகிறவர்கள் ராத்திரி எதை மாற்றினாலும், காலையில் ஒட்சோ அதைக் கவசங்களில் ஏற்றிவிடுவான். அவன் கவசத்தை மாட்டிச் சரிபார்க்கும்போது ஒலியை மட்டும் அணைத்துவிடுவான்.

காரணம், அந்தக் கண்ணாடி பேசும். பேசுவது சைமி.

கவசங்கள் வந்த புதிதில் தலைநகரத்துக் கம்பெனி ஒரு செய்தி வாசிப்பாளர் குரலைப் போட்டு அனுப்பியிருந்தது. ஆட்கள் அன்று மத்தியானமே அதன் வாயை அடைத்துவிட்டார்கள். குழாய்கள் கண்ட இடத்தில் முளைத்தன. தளத்தின் மேலாளர் ரித்வா யோசித்தாள். குழாய் பொருத்துகிறவர்களிலேயே வாய் நீளமானவள் சைமி. "நீயே பேசு. உன் வாய்க்கு யாரும் பூட்டுப் போட முடியாது" என்றாள். சைமி சமையலறையில் உட்கார்ந்து, ஒட்சோ மைக் பிடிக்க, அந்தக் கடற்கரை ஊரின் பேச்சிலேயே எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்தாள்.

"அந்தக் குழாய் அங்க இல்ல ராசா. கண்ணத் தொறந்து பாரு."

"வால்வத் தலகீழா மாட்டிருக்க. உன்னாட்டமே."

வேலை சரியாக இருந்தால் ஒரே சொல்தான். "பரவால்ல." அந்தக் கரையில் அதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டியதில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து 'பரவால்ல' என்றால், மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சைமி 'பிரமாதம்' என்று சொன்னால் மட்டும் எல்லாரும் நடுங்குவார்கள். கேப்டனின் படுக்கைக்கு மேல் யாரோ கழிவுநீர்க் குழாயைக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அன்று காலைக் காபி நேரத்தில் ரித்வா அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மேசையில் குழாய் பொருத்தும் கலெர்வோவும் அவனுடைய வேலை ஜோடி மிண்ட்டுவும் இருந்தார்கள். கலெர்வோ கதவை அடைக்கிற உடம்பு. மிண்ட்டு அவனில் பாதி, சத்தத்தில் இரண்டு மடங்கு.

மிண்ட்டு தன் தங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பல் டாக்டருக்குப் படிக்கிறா. நம்ம கவசம் மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு நாள் முழுக்கக் காத்துல ஓட்ட போடுறா. நோயாளியே கெடையாது. வலிக்குதான்னு கேக்குற பழக்கம் மட்டும் வந்துருச்சு. வீட்டுல பாத்திரம் கழுவுறப்பவும் கேக்குறா."

"என் மச்சான் மரம் வெட்டுற வண்டி ஓட்டப் பழகுறான். ஒரு ரூமுக்குள்ள திரை முன்னால உக்காந்துக்கிட்டு காட்டையே சாய்ச்சுட்டான்" என்றான் கலெர்வோ. "ஒரு கொசு கடிக்கல. அப்புறம் நெசக் காட்டுக்குப் போனான். கொசு கடிச்சதும் வண்டில கோளாறுன்னு எறங்கி வந்துட்டான்."

"எங்கம்மா போன்ல பாத்து சோபா வாங்குனாங்க. போன் திரையில எங்க வீட்டுக் கூடத்துல சோபா அம்சமா நின்னுது. நாய் அது நடுவுல படுத்துருந்துச்சு. சோபா வந்தப்புறம் நாய் எடம் போச்சுன்னு கோச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு" என்றாள் மிண்ட்டு.

ரித்வா சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒட்சோ, அடுத்த மாசத்துலேருந்து புதுக் கப்பல். எஞ்சினே வேற மாதிரி. சைமி பேசிவச்ச பேச்சு இதுக்குப் பத்தாது."

"ம்."

"கம்பெனிக்காரன் அவ குரல வச்சு புதுசாப் பேச வைக்கிறேங்கிறான். கம்ப்யூட்டரே பேசிரும். உனக்குச் சம்மதம்னாத்தான். வேணாம்னா மொத்தத்தையும் எடுத்துட்டு வேற குரல் போட்டுருவான். ரெண்டு குரலக் கலக்கக் கூடாதாம், கேக்குறவன் குழம்பிருவானாம்."

மிண்ட்டு ஏலக்காய் பன்னைப் பிய்த்தபடியே நிறுத்திவிட்டாள்.

ஒட்சோ கணக்குப் போட்டுப் பார்த்தான். வேண்டாம் என்றால் தளம் முழுக்க அவள் ஒரே நாளில் வாயை மூடிக்கொள்வாள். சரி என்றால் அவள் சொல்லாததையெல்லாம் சொல்லத் தொடங்குவாள். இரண்டில் எது பெரிய இழப்பு என்று சொல்ல அவனுக்குள் எதுவும் அசையவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடையைத் தடவிப் பார்ப்பது போல இருந்தது.

"செய்யச் சொல்லு" என்றான்.

"நல்லா யோசிச்சியா?"

"முதல்ல ஒரு கவசத்துல போட்டுப் பாக்கட்டும். மாத்தணும்னா அப்புறம் மாத்திக்கலாம்."

அடுத்த திங்கட்கிழமை புதிய பேச்சு வந்தது. ஒட்சோ அதைக் கேட்காமலே கலெர்வோவின் கவசத்தில் ஏற்றினான். கலெர்வோ இப்போது கட்டிக்கொண்டிருந்த கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கிப் போனான். குளிர்நீர்க் குழாய் ஒன்றைப் பொருத்த வேண்டும். ஒரு மணி நேர வேலை. அவன் முடித்ததும் வெல்டர்கள் வந்து பற்றவைப்பார்கள்.

மத்தியானம் ஆனது. வெல்டர்கள் வேலையில்லாமல் மேல்தட்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரித்வாவின் குரல் படிக்கட்டில் முழங்கியது.

"கலெர்வோ! என்னய்யா பண்ற அங்க? குழாய்க்குத் தாலாட்டுப் பாடுறியா?"

ஒட்சோவும் கூடவே ஓடினான். அடித்தட்டில் போல்ட்டுகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. குழாய் கழற்றிப் போடப்பட்டிருந்தது. கலெர்வோவின் முகம் வேர்வையில் குளித்திருந்தது. மிண்ட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகத்தோடு நின்றாள்.

"மூணாவது தடவையா கழட்டுறான்" என்றாள்.

"ஏன்?"

"என்னன்னு தெரியல" என்றான் கலெர்வோ. "எங்கயோ பெரிய தப்பு பண்ணிருக்கேன். கண்டுபிடிக்க முடியல."

ஒட்சோ கைக்கணினியில் வரைபடத்தைத் திறந்தான். குழாயைத் தாங்கும் கிளாம்பை அளந்தான். வால்வைப் பார்த்தான். "கலெர்வோ, எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"சரியா இல்லடா."

"பச்சையா வருதா, சிவப்பா வருதா?"

"பச்சைதான். ஆனா அவ பாராட்டுறாடா."

"யாரு?"

"யாரா? உன் பொண்டாட்டி! மொத தடவ மாட்டி முடிச்சேன். 'அருமை, மிகச் சிறப்பாகச் செய்திருக்கிறீர்கள்'ங்கிறா. 'செய்திருக்கிறீர்கள்'! என்னப் போயி! எல்லாத்தையும் கழட்டிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. மறுபடி மாட்டுனேன். 'உங்கள் உழைப்புக்கு மனமார்ந்த நன்றி'ங்கிறா. சரி, செத்தோம்னு முடிவு பண்ணிட்டேன். கப்பலே முங்கப் போகுது, இவ நன்றி சொல்லி அனுப்புறான்னு நெனச்சேன்."

மிண்ட்டு அதற்கு மேல் தாங்கவில்லை. விளக்கு ஆட ஆடச் சிரித்தாள். "யோவ், நான் சொன்னேன்ல, பச்சைய நம்புன்னு!"

"சைமி பாராட்டுனதுக்கு அப்புறம் பச்சைய யாரு நம்புவா? கேப்டன் படுக்கைக்கு மேல அந்தக் குழாயக் கொண்டுபோனது யாருன்னு நெனச்ச? நான்தான்! அப்பவும் 'பிரமாதம்'னுதான் சொன்னா!"

ரித்வா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாட்டு, கலெர்வோ" என்றான் ஒட்சோ. "கவசத்த இங்க கொடு. நான் கேக்குறேன்."

கலெர்வோ நான்காம் தடவையாகக் குழாயைப் பொருத்தினான். கடைசி போல்ட்டை முறுக்கும்போது ஒட்சோ கவசத்தை மாட்டிக்கொண்டு ஒலியைத் திறந்தான். காத்திருந்தான். இத்தனை மாதமாக எதற்குப் பயந்து அந்தப் பொத்தானைத் தொடாமல் இருந்தானோ, அது இப்போது வரப்போகிறது என்று நினைத்தான்.

அவளுடைய குரல்தான். தொண்டையின் லேசான கரகரப்பு, இழுப்பு, எல்லாம் அப்படியே.

"தங்களைப் போன்றவர்களால்தான் இந்தத் தளம் பெருமை கொள்கிறது. இந்த நாள் இனிதாக அமையட்டும்!"

ஒட்சோ ஒரு கணம் விழித்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தான். சிரிப்பு. எட்டு மாதமாக உள்ளே கிடந்து துருப்பிடித்த சிரிப்பு, கதவு திறப்பது போலக் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. போல்ட் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். நிறுத்த முடியவில்லை. சைமி, தன் கல்யாணத்தன்று பாதிரியாரையே 'கொஞ்சம் சுருக்கா முடி, சூப் ஆறுது' என்றவள், கலெர்வோவைப் பார்த்து 'தங்களைப் போன்றவர்கள்' என்கிறாள்! கண்ணீர் வழிந்தது. அது எந்த வகைக் கண்ணீர் என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கலெர்வோ பயந்துபோய் அவன் முதுகைத் தட்டினான். தட்டத் தட்ட அவனுக்கும் தொற்றிக்கொண்டது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரும்புச் சுவர்களுக்குள் சிரிப்பு மோதி மோதித் திரும்பி வந்தது.

மூச்சு வந்ததும் ஒட்சோ எழுந்தான்.

"ரித்வா, இது வேணாம்."

"தெரியும்."

"அவ சொன்னது அப்படியே இருக்கட்டும். சொல்லாதத அவ தலையில கட்ட வேணாம். புது எஞ்சினுக்கு வேற யாராவது பேசட்டும்."

"ரெண்டு குரலக் கலக்கக் கூடாதுங்கிறானே. குழம்பிருவாங்களாம்."

"இந்தத் தளத்துல எத்தன பேரு ஒரே நேரத்துல பேசுறோம்? யாரு குழம்புனா? ஒரு குரல் மரியாதையாப் பேசுனதுக்கு ஒரு நாள் வேலையே போச்சு, அதச் சொல்லு அவன்கிட்ட."

ரித்வா அங்கேயே நின்று போன் போட்டாள். மறுமுனையில் ஆள் நிறையப் பேசினான். அவள் "ம், ம்" என்றாள். கடைசியில், "தம்பி, அந்தக் குழாய உங்காளு ஒருத்தன் வந்து நாலு தடவ மாட்டிக் காட்டட்டும், அப்புறம் நீ சொல்றதக் கேக்குறேன்" என்றாள். ரித்வா போனைப் பையில் போட்டாள்.

"ஒத்துக்கிட்டான். இப்ப யாரு பேசுறது?"

எல்லார் கையும் ஒரே பக்கம் நீண்டது.

"நானா? என் குரலா?" என்றான் கலெர்வோ. "கரடிக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கும்!"

"அதுதான் வேணும்" என்றாள் மிண்ட்டு. "மூணு தடவ கழட்டுனதுக்குத் தண்டன."

வியாழக்கிழமை பதிவு செய்தார்கள். உணவுக்கூடத்தில் எல்லா வியாழனையும் போலப் பட்டாணி சூப்பும் ஜாம் தடவிய பான்கேக்கும். பக்கத்துச் சாமான் அறையில் ஒட்சோ மைக்கைப் பிடித்தான். கலெர்வோ பாட்டு வகுப்புக்கு வந்தவன் போல நிமிர்ந்து நின்றான்.

"வால்வை... இடது பக்கம்... திருப்பவும்."

"'திருப்பவும்' வேணாம்யா. நீ என்கிட்ட எப்படிச் சொல்லுவ?" என்றாள் மிண்ட்டு.

"எடப்பக்கம் திருப்பு, கூறுகெட்டவளே. அது வலப்பக்கம்!"

"ஆங். அதேதான்."

சரியான வேலைக்கு என்ன சொல்வது என்று வாக்குவாதம் வந்தது. கலெர்வோ "பரவால்ல" என்று சொல்ல மறுத்துவிட்டான். "அது அவ சொல்லு. நான் எடுத்துக்க மாட்டேன்." நிறைய யோசித்து, கடைசியில் தொண்டையை ஒரு தடவை செருமினான். அதையே பதிவு செய்துகொண்டார்கள். இனி அந்தப் புதுக் கப்பலில் யார் வேலையைச் சரியாகச் செய்தாலும், புது எஞ்சின் என்றால் ஒரு கரடி செருமும், பழைய வகைக் குழாய் என்றால் சைமி 'பரவால்ல' என்பாள். ஒட்சோ அன்று ஒலியைத் திறந்து வைத்தே எல்லாக் கவசங்களையும் சரிபார்த்தான். அவள் அவனை முப்பது தடவையாவது திட்டியிருப்பாள்.

பிறகு எல்லாரும் சூப்புக்கு உட்கார்ந்தார்கள். ஒட்சோ இரண்டாம் தட்டு வாங்கினான். ரித்வா அதைக் கவனித்தும் கவனிக்காதது போலக் சூப்பில் கலக்கும் கடுகு விழுதை அவன் பக்கம் தள்ளினாள்.

கலெர்வோ கரண்டியை வைத்தான். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாத ஆள்.

"அந்த மெஷின் அவள என்னென்னமோ சொல்ல வச்சுதுல்ல. நெசமா கடைசியா அவ என்னடா சொன்னா? உன்கிட்ட."

மிண்ட்டு மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். ஒட்சோ பரவாயில்லை என்பது போலக் கையைக் காட்டினான். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். இறுதிச் சடங்கில் பாதிரியார் கேட்காமலே ஏதோ அழகான வாக்கியம் ஒன்றை அவளுடைய கடைசிப் பேச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். இவனும் விட்டுவிட்டான்.

"அன்னிக்கு ராத்திரி படுத்துட்டோம். வெளக்க அணைச்சாச்சு" என்றான். இப்போதே அவன் வாயோரம் துடிக்கத் தொடங்கியது. "நான் என் கால அவ போர்வைக்குள்ள விட்டேன். துள்ளி எழுந்துட்டா."

"என்ன சொன்னா?"

"'காலா இது, ஐஸ்கட்டியா? எடு அந்தப் பக்கம். ...சரி, வச்சுத் தொல. சூடானதும் எடுத்துரணும்.'"