லாசர் பேத்தி

அம்மா தன் முகத்தைப் பார்த்தாளா, பார்க்காமலே போனாளா என்று தெரிந்துகொள்ளத்தான் டெல்பின் தலத்தெருவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். பிறந்த அன்றே தாயை முழுங்கியவள் என்று, அப்பா இரண்டாவதாகக் கட்டிய சித்தி சொல்லிச் சொல்லி, எழுபது தாண்டியும் அந்தப் பேச்சு அவள் காதை விட்டுப் போகவில்லை.

"சூசையப்பன் சம்சாரம் மரியநாயகம்னு யாருமே இல்லையே பாட்டி," என்றாள் பதிவு அலுவலகத்துச் சிவப்ரியா. "பிரெஞ்சுக்காரங்க காலத்துப் பதிவுல, கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்க அவங்க அப்பா பேர்லதான் இருப்பாங்க. உங்க அம்மாவோட அப்பா யாரு?"

"யாருக்குத் தெரியும்? அந்த வீட்டு வாசலையே மிதிக்க விடலையே சித்தி என்னை."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே நின்றாள். கோபம் மிஞ்சினால் சித்தி இன்னொன்றும் சொல்வாள்.

"'லாசர் பேத்திக்கு வாயப் பாரு'ன்னு திட்டுவா. லாசர்னு தேடிப் பாரும்மா."

சிவப்ரியா பக்கங்களைப் புரட்டினாள். "லாசர் மகள் மரியநாயகம். இருக்காங்க பாட்டி! நீங்க எப்பப் பொறந்தீங்க?"

"அம்பத்திரண்டு, பிப்ரவரி."

"இவங்க தவறினது அந்த வருஷம் ஆகஸ்ட்ல."

டெல்பின் விரல்விட்டு எண்ணினாள்.

"ஆறு மாசமா! அப்ப மடியில வச்சிருந்திருப்பாங்கல்ல?"

"வைக்காம இருப்பாங்களா பாட்டி?"

"செல்லமா ஏதாச்சும் பேர் வச்சுக் கூப்பிட்டிருப்பாங்க. என்னன்னு கூப்பிட்டிருப்பாங்க?"

சிவப்ரியா அந்தப் பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிரெஞ்சு தெரியாத டெல்பின், அம்மாவின் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அங்கே விரலை வைத்துக்கொண்டாள்.