வாத்தியார் குறட்டை வானொலியில்

"அக்கா, அது என் குறட்டையே இல்லை!"

"வாயை மூடு! நீ தொட்டில்ல கிடந்ததுலேர்ந்து கேக்கிறவ நான். எனக்கா தெரியாது?"

மாடி வீட்டில் சண்டை. ஒட்டுக்கேட்க நான் போகவில்லை, துணி எடுக்கத்தான் மாடியேறினேன். துணியை நேற்றே எடுத்தாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

அங்கே இரண்டு பிரம்மச்சாரிகள் குடியிருந்தார்கள். ஒருவர் கல்லூரியில் உயிரியல் நடத்தும் வாத்தியார், இன்னொருவன் மிமிக்ரிக்காரன். ஞாயிறுதோறும் வானொலியில் இருவரும் அறிவியலைச் சிரிப்பில் குழைத்துத் தருவார்கள். வாத்தியார் விளக்குவார், மிமிக்ரி அவர் காலை வாருவான்.

அந்த வாரம் குறட்டை. மிமிக்ரி ஒரு பதிவைப் போட்டு, "இந்த ஆளைப் பத்தி என்ன நினைக்கிறீங்க, வாத்தியாரே?" என்றான். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்வதையும், மூச்சு போகும் வழி குறுகுவதையும், காற்று முட்டி அண்ணம் அதிர்வதையும் அவர் அழகாகத்தான் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலு பேரைச் சிரிக்க வைக்கும் ஆசை அவருக்கும் இருந்ததே!

"மனுஷனா இவன், மாவு மில்லா? இவனுக்கு யாரும் பொண்ணு குடுத்துடாதீங்க!"

"நேத்து மத்தியானம் நீங்க தூங்கினப்போ எடுத்தது, வாத்தியாரே" என்றான் மிமிக்ரி. நேரடி ஒலிபரப்பு. ஊரே சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தம்பிக்கு ஒரு பல் மருத்துவரைப் பேசி, ஏறக்குறைய முடித்தும் வைத்திருந்தாள். அந்தப் பெண்ணோடு இரண்டு தடவை காப்பி குடித்ததிலிருந்து வாத்தியார் விசிலடித்துக்கொண்டே படியேறியதை நானும் பார்த்திருக்கிறேன். இப்போது பெண் வீட்டிலிருந்து போனே இல்லை.

"நான் சரி பண்ணிடறேன்க்கா" என்றான் மிமிக்ரி.

"நீ பண்ணதே போதும், சாமி!"

அடுத்த ஞாயிறு வாத்தியார் ஒலிவாங்கி முன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது என் குறட்டைதான். நான் பேசினதுதான் தப்பு, குறட்டை விடுறவங்க என்ன பாவம் பண்ணாங்க? உங்க வீட்டுக் குறட்டையையும் அனுப்புங்க, கேப்போம்."

வந்து குவிந்தது. சங்கு மாதிரி ஒன்று, அழுகிற பூனை மாதிரி ஒன்று. கடைசியாக மிமிக்ரி போட்டதில், மலையேறும் லாரி ஒன்று திணறித் திணறி நின்றது. பிறகு ஒரு பெண் குரல்:

"இது எங்கப்பா. உங்களுது மாவு மில்லுன்னா இது சிமெண்ட் ஃபாக்டரி. இவருக்கே எங்கம்மாவைக் குடுத்திருக்காங்க. உங்களுக்குக் குடுக்க மாட்டாங்களா, வாத்தியாரே?"

பின்னணியில் ஓர் ஆண் குரல், "யாரைக் கேட்டுடி இதை எடுத்தே?" என்று அலறியது.

பல் மருத்துவரேதான். வாத்தியார் தன்னை மறந்து ஒலிவாங்கி முன்னாலேயே விசிலடித்தார். அறிவிப்பாளர் அவசரமாகப் பாட்டைப் போட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. வாத்தியார் மனைவியின் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே குடிபோய்விட்டார். மாமனார் இன்றுவரை மிமிக்ரியின் முகத்தில் விழிப்பதில்லை. அவனும் வானொலியில் வானிலை வாசிக்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். பெண்ணின் அப்பா வானொலியே கேட்காதவர் என்று நாலு இடத்தில் விசாரித்த பிறகுதான் தலையாட்டினானாம்.