ஒரு கட்டைவிரல் எட்டும் தூரம்

எங்கள் டிசைன் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் இருபத்தேழு. அவர் மேஜை மேலிருக்கும் மானிட்டரின் அளவு அது. எந்த இணையதளமானாலும் முதலில் அந்தப் பெரிய திரைக்குத்தான் வரைவார்; போனுக்கு அதையே சுருக்கிக்கொள்ளலாம் என்பார். போர்வையை மடித்தால் கைக்குட்டையாகிவிடுமா என்று நான் ஒருநாள் கேட்டதிலிருந்து எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்.

இந்த முறை வந்தது ஒரு டயாலிசிஸ் மையத்தின் தளம். என் அக்கா வாரத்தில் மூன்று காலைகள் அங்கேதான் படுத்திருக்கிறாள். இனிமேல் காலையில் லீவு கிடையாது என்று அவள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் மாலை நேரப் படுக்கைக்கு மாறாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. அப்படி ஒன்று காலியானால் தளத்தில் போடுவார்கள். முதலில் தொட்டவருக்குக் கிடைக்கும். பழைய தளத்தில் அதைப் பதிவு செய்யும் பொத்தான் ஒரு மெனுவுக்குள் ஒளிந்திருந்தது. மவுஸ் அம்பை மேலே கொண்டுபோய் நிறுத்தினால்தான் மெனு திறக்கும். விரலுக்கு ஏது அம்பு? அக்கா ஒரு கையில் ஊசியோடு அசையாமல் கிடந்து திரையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இருபத்தேழு புதுத் தளத்தையும் அதே மாதிரிதான் வரைந்திருந்தார். திரை முழுக்க மையத்தின் கட்டிடப் படம். போனில் சரிவராது என்றேன். பிரவுசரை மவுஸால் இழுத்துக் குறுக்கி, அம்பை மெனு மேல் நிறுத்தி, திறக்கிறதே என்று காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மொதல்ல போனுக்கு வரைவோம் சார். மிச்சம் இடம் இருந்தா கட்டிடம் கட்டிக்கலாம்."

ஒரு வாரம் தந்தார். சரிப்படாவிட்டால் அவருடையதுதான் போகும் என்றார்.

பெரிய திரையில் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கலாம். போனில் முதல் இடம் ஒருவருக்குத்தான். காலிப் படுக்கையை மேலே ஏற்றி, கட்டிடத்தையும் இயக்குநரின் வரவேற்புரையையும் அடியில் தள்ளினேன். பொத்தானை வலது கட்டைவிரல் படும் ஓரத்தில் வைத்து, மையத்தில் ஊசியோடு படுத்திருந்த அக்காவிடம் பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன்.

அவள் விரலை நீட்டி நீட்டிப் பார்த்தாள். போன் வழுக்கி நெஞ்சில் விழுந்தது.

"நான் எந்தக் கைக்காரின்னு மறந்துபோச்சா உனக்கு?"

அக்காவுக்கு இடது கைப் பழக்கம். அதனால்தான் ஊசிக்கு வலது கையை ஒதுக்கியிருந்தார்கள். சின்ன வயதில் என் தலையில் குட்டியதெல்லாம் அந்த இடது கைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்தேழு தன் மானிட்டரைப் பார்த்து வரைந்தார். நான் என் கையைப் பார்த்து வரைந்திருக்கிறேன். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, பொத்தானை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அகலமாக்கினேன்.

மறுநாள் இருபத்தேழிடம் போனைக் கொடுத்து, இன்னொரு கையை மேஜையில் அசையாமல் வைத்துக்கொண்டு இரண்டு தளத்தையும் முயன்று பார்க்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார். பிறகு என்னுடையதையே எடுத்துப் பெரிய திரைக்கு விரித்து வரைந்தார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

தளம் வெளியான மூன்றாம் நாள் ஒரு மாலைப் படுக்கை காலியானது. நான் அக்காவின் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் கட்டைவிரல் உடனே போய்த் தொட்டது. படுக்கை இப்போதுதான் பதிவாகிவிட்டது என்று வந்தது. அடுத்த கட்டிலில், அக்காவைப் போலவே ஊசியோடு படுத்திருந்த அம்மா ஒருத்தி போனைத் தூக்கி நர்ஸிடம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் வரைந்த பொத்தான், ஆனால் படுக்கை என் அக்காவுக்கு இல்லை. பழைய தளமாக இருந்தால் அந்த அம்மாவால் இதைத் தொட்டிருக்கவே முடியாது என்றுகூட, வாய் கூசாமல், சொல்லிவிட்டேன்.

"ஆமா, என்னாலயும்தான் முடியாது. இத்தனை நாளா நான் போட்டியிலயே இல்லடி. இன்னைக்கு ஒரு நொடியில தோத்திருக்கேன்."

அக்கா சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, போனை மறுபடி இடது கையில் சரியாகப் பிடித்தாள். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது.