கூடவே வாசிக்காதீங்க அங்கிள்

மாதா கோயிலில் முப்பத்தெட்டு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். பாடுகிறவர்களின் மெட்டையே நானும் உரக்க வாசிப்பேன். யாராவது மூச்சு வாங்கினால் அந்தச் சந்தில் நாலு ஸ்வரத்தைச் சொருகிவிடுவேன். என் வாசிப்புக்குச் சவப்பெட்டிக்குள்ளிருந்தே தாளம் போட்டிருக்கிறார்கள்.

தாசில்தார் ஆபீசில் ரிட்டயர் ஆன மறுநாளே ஒரு ஜாஸ் குழுவில் சேர்ந்தேன். மொத்தம் மூணு பேர். ஆரோவில்லில் வேலை பார்க்கும் கீதாஞ்சலி சாக்ஸபோன். சிலம்பரசன் பேஸ் கிட்டார். மரக்காணத்தில் அவனுடைய உப்புக் கொட்டகையில்தான் பிராக்டீஸ். அந்தக் காற்றில் கிட்டார் கம்பி ரெண்டாம் நாள் துருப்பிடிக்கும். மூணாம் நாள் கம்பி இருந்த இடம்தான் இருக்கும்.

ஜாஸில் பாட்டை ஒருமுறை ஒழுங்காக வாசித்துவிட்டு, அப்புறம் ஒருத்தர் மனம்போன போக்கில் போவார். மற்றவர்கள் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். கீதாஞ்சலி போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவள் நிறுத்தினாள். "அங்கிள், நான் வாசிக்கிறதையே ஏன் நீங்களும் வாசிக்கிறீங்க?"

"நீ தொலைஞ்சிடக் கூடாதேன்னுதாம்மா."

"தொலையத்தான் வாசிக்கிறேன்! கூடவே வராதீங்க. அங்கங்க மூணு கட்டையைச் சேர்த்து ஒரு கார்டு அழுத்துங்க, போதும்."

"சும்மா இருக்குற நேரத்துல கைய என்ன பண்றது?"

"மடியில வச்சிக்கங்க சார்," என்றான் சிலம்பரசன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆரோவில்லில் கச்சேரி. பாண்டியிலிருந்து மார்ட்டின் என்று ஒரு பையன் கிட்டாரோடு வந்து முன்வரிசையில் உட்காருவான், முதல் பாதியில் நான் சரிப்படாவிட்டால் இரண்டாம் பாதியிலிருந்து என் இடம் அவனுக்கு என்றாள் கீதாஞ்சலி. "வருத்தப்படாதீங்க அங்கிள்." நான் வருத்தப்படவில்லை. அன்றைக்கு வழக்கத்தைவிடக் கம்மியாகச் சாப்பிட்டேன், பதினோரு இட்லிதான்.

ஞாயிறு பூசையிலேயே பழகிப் பார்த்தேன். காணிக்கைப் பாட்டில் மெட்டை விட்டுவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கார்டு அழுத்தினேன். முந்நூறு பேரும் முந்நூறு சுருதிக்குப் போனார்கள். ஆண்கள் பக்கம் இரண்டாம் சரணத்தில் தடவிக்கொண்டிருக்க, பெண்கள் பக்கம் பாட்டை முடித்து உட்கார்ந்துவிட்டது.

பாடகர் குழுத் தலைவி சாலம்மாள் வெளியே பிடித்துக்கொண்டாள். "ஏண்ணா, கரண்ட் போயிடுச்சா?"

"ஜாஸும்மா."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

ஆனால் கை சும்மா இருந்ததில் ஒன்று காதில் விழுந்தது. முப்பத்தெட்டு வருஷமாக என் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த சாலம்மாளின் மூச்சு. அடுத்த வரி தெரிந்திருந்தால் நீளமாக ஒன்று இழுப்பாள். மறந்துவிட்டால் குட்டிக் குட்டியாக ரெண்டு.

சனிக்கிழமை. முன்வரிசையில் மார்ட்டின், மடியில் கிட்டார். கீதாஞ்சலி தனியாகக் கிளம்பினாள். எங்கோ போய்ச் சட்டென்று நின்றாள். என் பத்து விரலும் பசித்த பூனை மாதிரி எழுந்தன. அவள் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தேன். அந்த அமைதியில் மரக்காணத்து உப்பெல்லாம் கரைந்து மறுபடி விளைந்திருக்கும். அப்புறம் அவள் வாசித்தது என் சொருகலைவிட நன்றாகவே இருந்தது. வெளியே சொல்லமாட்டேன்.

முதல் பாதியின் கடைசிப் பாட்டில் மறுபடி நின்றாள். இந்தத் தடவை குட்டி மூச்சு, ரெண்டு. பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நிஜமாகவே தொலைந்திருந்தாள். கையை உருவி, பாட்டு திரும்ப ஆரம்பிக்கும் இடத்துக் கார்டை ஒரே ஒரு முறை, மெதுவாக அழுத்தினேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கூட்டம் கைதட்டியது, அவளுக்கு. என்னைப் பார்த்து ஒருத்தர் பக்கத்துக்காரரிடம், "பாவம், பெரியவருக்கு நடுவுல தூக்கம்," என்றார்.

இடைவேளையில் கீதாஞ்சலி மார்ட்டினிடம் ஏதோ சொன்னாள். அவன் கிட்டாரை உறையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். அவள் என் பக்கம் வந்து குனிந்தாள்.

"அடுத்த பாட்டுல ரொம்ப தூரம் போகப் போறேன் அங்கிள்."

"போயிட்டு வாம்மா," என்றேன்.