செல்லிமேட்டின் பெயர் ஏறிய காசு

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, சந்திரா கொடுத்தது. நெய்வேலியில் சுரங்க அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தைந்து வருடமாகக் கோடு போடுகிறவர். ரிட்டயராக இன்னும் சில மாதம் இருக்கிறது. என் மனைவியோடு நடைப்பயிற்சிக்குப் போய்வந்த ஒரு காலையில், எங்கள் குவார்ட்டர்ஸில் காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "சார், நான் எழுதின ஒரே ஒரு வரிக்கு ஒரு ஊரே சண்டைக்கு வந்துச்சு. உங்களுக்கு அப்படி ஆயிருக்கா?"

நான் நாற்பது வருடமாக எழுதுகிறேன். என் வரிகளுக்காக ஒரு தெருகூடச் சண்டைக்கு வந்ததில்லை. அந்தப் பொறாமையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலத்தில் காற்றைத் தவிர' (இதோடு நிறுத்திவிட்டேன். காற்றைத் தவிர அங்கே என்ன இருந்தது என்பதுதான் சண்டையே.)

இரண்டாம் தொடக்கம்: 'வெள்ளி உருகும் ஓசையை நீங்கள்' (வெள்ளி உருகும்போது ஓசை வருமா என்று எனக்கே தெரியாது.)

போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

1964இல் தெற்கே கோவில்பட்டிப் பக்கமிருந்து பதினோரு குடும்பங்கள் சுரங்க வேலைக்கு நெய்வேலி வந்தன. அவர்கள் ஊர் முருகன் கோயில் வேல் ஒன்றும் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு ரயிலில் கூடவே வந்தது. இன்று அவர்களுடைய பிளாக் இருக்கும் இடத்தில் அதை நட்டு, வெள்ளிக்கிழமை பஜனை தொடங்கினார்கள். முதலில் கீற்றுக் கொட்டகை, பிறகு கோபுரம். இந்த ஆவணியோடு அறுபது வருடம். குடமுழுக்கு அன்று அந்தப் பதினோரு குடும்பங்களின் நினைவாக வீட்டுக்கு ஒரு வெள்ளிக் காசு கொடுப்பதென்று கோயில் சபை முடிவு செய்தது.

படம் வரைவதற்கு சந்திராவை விட்டால் யார்? பதினோரு பேரில் ஒருவரான பரமசிவத்தின் மகள் அவர். முன்பக்கம் நடுவில் வேலும் சுற்றிலும் பதினோரு அகலும் வரைந்தார். பின்பக்கம் இந்த வரி:

'வெறுங்காட்டில் தெய்வம் கொண்டுவந்தவர்கள்.'

'வெறுங்காடு' அவருடைய அப்பாவின் சொல். ஒவ்வொரு பஜனைக்கும் முன்னால் பரமசிவம் சொல்வார், "இது வெறுங்காடாக் கெடந்துச்சு. முருகன் வந்தான், வெளிச்சம் வந்துச்சு." அப்பா போய்ப் பதினைந்து வருடமாகிறது. அவர் குரலைக் காசில் ஏற்றிவிட்ட சந்தோஷத்தில் இருந்தார் சந்திரா.

சேலத்துப் பட்டறையில் அச்சு வெட்டி, மாதிரிக்கு ஒரு காசு அடித்து அனுப்பினார்கள். சபைச் செயலாளர் வெள்ளைச்சாமி அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்.

3

மறுநாள் மாலைக் கூட்டத்துக்குக் குமரவேல் வந்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை.

[இங்கே நான் எழுதியிருந்தது: 'கண்களில் கனல் தெறிக்க, கதவை உதைத்துத் திறந்த அந்த இளைஞன்'. சந்திரா படித்துவிட்டுச் சிரித்தார். "கதவு தொறந்துதான் சார் இருந்துச்சு. அவருக்கு நாப்பது வயசு. செருப்ப வெளிய விட்டுட்டு வந்தாரு." அடித்துவிட்டேன்.]

குமரவேல் போனை நீட்டிக் கேட்டார்: "இது யாருங்க எழுதுனது?"

"நான்தாங்க" என்றார் சந்திரா.

"இங்கதாங்க செல்லிமேடு இருந்துச்சி. எங்க ஊரு. உங்க மடப்பள்ளி இருக்கிற எடத்துலதான் எங்கப்பா பொறந்த வூடு. பக்கத்துல செல்லியம்மன் கல்லு. நீங்க வேல் கொண்டாரதுக்கு முன்னாடியே இங்க தெனம் வெளக்கு எரிஞ்சிகினுதான் இருந்துச்சி."

"அதெல்லாம் அறுபது வருசத்துக் கதை தம்பி" என்றார் வெள்ளைச்சாமி. "காசு எங்க குடும்பங்களுக்கு. உங்க ஊரப் பத்தி நாங்க தப்பா ஒண்ணும் சொல்லலியே."

"தப்பா சொல்லியிருந்தாக்கூட தேவலாம்ங்க. இல்லவே இல்லன்னு சொல்லிட்டீங்க. இந்தக் காசுதான்னா, குடமுழுக்கு அன்னிக்கு ஊரோட வந்து வாசல்ல உக்காருவோம்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் சந்திரா பழைய சர்வே தாள் ஒன்றை விரித்துப் பார்த்தார். ஒரு கிணறு. முப்பது நாற்பது வீட்டுக் கட்டங்கள். ஒரு சின்ன வட்டத்துக்குப் பக்கத்தில் 'கோயில்' என்ற எழுத்து. மேலே தெளிவாக ஊர்ப்பெயர்: செல்லிமேடு. முப்பத்தைந்து வருடமாக அந்தத் தாள் இருந்த அலமாரியை ஒட்டித்தான் அவருடைய நாற்காலி கிடக்கிறது.

4

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, செல்லிமேட்டுக்காரர்கள் குடிபெயர்ந்து போன ஊரைத் தேடிப் போனார். குமரவேலின் பெரியம்மா ராஜாம்பாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். (நிலக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். நான் முதலில் நிலக்கடலை என்றே எழுதினேன். ராஜாம்பாள் வாயில் அது ஒட்டவில்லை.)

"காசுல அந்த வரிய எழுதினவ நான்தாம்மா. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"யாரு பொண்ணு நீ?"

"பரமசிவம் மகள்."

ராஜாம்பாள் கை நின்றது. "பஜனைக்காரரு பொண்ணா? உங்கம்மா எங்க கெணத்துலதான தண்ணி எடுத்துகினு போவாங்க! எனக்கு அப்ப பத்து வயசு. சுரங்கத்துக்காக எங்க ஊர காலி பண்ண அன்னிக்கு அம்மன் கல்ல மாட்டுவண்டில ஏத்துனாங்க. எங்க சனமே அழுவுது. உங்கம்மா நெறமாசம். ஒரு கையில வயித்தப் புடிச்சிகினு, ஒரு கையில கற்பூரத் தட்ட ஏந்திகினு, ஏரிக்கரை வரிக்கும் வண்டி கூடவே நடந்து வந்தாங்க. அந்த வயித்துல இருந்தது நீதான?"

சந்திரா பிறந்தது 1964 ஐப்பசியில். கீழே உட்கார்ந்து, ஒரு கை மல்லாட்டையை அள்ளி உரிக்க ஆரம்பித்தார்.

[அம்மா ஏன் இதை மகளிடம் சொல்லவே இல்லை? நான் மூன்று காரணங்கள் கற்பித்தேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. சந்திரா ஒப்புக்கொள்ளவில்லை. "அப்பா பேசுவாரு சார், அம்மா சுண்டல் தாளிப்பா. எங்க வீட்ல அப்படித்தான்."]

கொஞ்ச நேரம் கழித்துச் சந்திரா கேட்டார்: "காசுல செல்லியம்மனையும் வரைஞ்சிரட்டுமா?"

"எதுக்கு? அவ இங்க நல்லாத்தான் இருக்கிறா. எவனோ ஒருத்தன் சட்டப் பையில போயி கெடக்கணுமா? ஊரு பேரப் போடு. பஸ் போர்டுல இல்ல, ரேசன் கார்டுல இல்ல. அது ஒண்ணுதான் இப்ப எங்கியுமே இல்ல."

5

குடமுழுக்குக்கு ஆறு நாள் இருக்கும்போது சபை மறுபடி கூடியது.

"அச்சு வெட்டியாச்சும்மா" என்றார் வெள்ளைச்சாமி. "இப்பப் போயி என்ன செய்யச் சொல்லுத? பரமசிவம் மாமா சொன்ன வார்த்தைய அவரு மகளே அடிக்கலாமா?"

"மகளுங்கிறதாலதான் அண்ணாச்சி அடிக்கேன். முன்பக்கம் அப்படியே இருக்கட்டும். பின்பக்கம் மட்டும் புதுசா வெட்டுவோம். 'செல்லிமேடு, 1964.' அவ்வளவுதான்."

"நம்ம காசுல அவங்க ஊர்ப்பேரா?" என்று எழுந்த சபை உறுப்பினர் சசிகுமார், தனக்குக் காசே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை.

சந்திரா வெள்ளைச்சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வரும்போது உங்களுக்கு எட்டு வயசு அண்ணாச்சி. எந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சீக?"

(வருடக்கணக்கில் நகரியப் பேச்சுப் பேசுகிறவர், அந்த நிமிடத்தில் அப்பா ஊர்த் தமிழுக்குப் போய்விட்டதைத் தானே கவனிக்கவில்லையாம்.)

வெள்ளைச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தத் தண்ணி என்னா இனிப்பு!" என்றார் கடைசியில். "நம்மூருல உப்புத்தண்ணி குடிச்சுட்டு வந்தவன், ஒரு செம்ப ஒரே மூச்சுல குடிச்சேன்."

பிறகு சேலத்துக்கு அவரே போன் போட்டார். மறுநாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு ராஜாம்பாள் ஊருக்குப் போய் அழைத்துவிட்டும் வந்தார்.

6

முடிவு ஒன்று: சசிகுமாரும் குமரவேலும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். (இல்லை. சசிகுமார் இன்றுவரை காசு வாங்கவில்லை.)

முடிவு இரண்டு: காசு ஏற்றிவந்த வண்டி வழியில் பழுதாகி நின்றது. (கொஞ்சம் பதற்றம் இருக்கட்டுமே என்று யோசித்தேன். காசு முதல் நாள் மத்தியானமே வந்துவிட்டது.)

நடந்தது இதுதான். செல்லிமேட்டுக்காரர்கள் இரண்டு வேனில் வந்தார்கள். ராஜாம்பாள் காசை வாங்கி, பின்பக்கம் திருப்பி, "இதுல 'செ' எது?" என்று கேட்டார். சந்திரா அவர் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவ வைத்தார்.

"நல்லாருக்கு. 'மேடு' மட்டும் கொஞ்சம் சின்னதா போட்டுட்ட."

"ஆமாம்மா, எடம் பத்தல" என்று சொல்லிச் சந்திரா வாய்விட்டுச் சிரித்தார். வரைபடப் பிரிவில் இத்தனை வருடத்தில் யாரும் இவ்வளவு சரியாகத் தப்புக் கண்டுபிடித்ததில்லையாம்.

முதல் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு குமரவேல் வந்தபோது கடைசிப் பந்தி. வெள்ளைச்சாமியே இலை போட்டார். குமரவேல் காசைப் படித்துப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாம்பார் சாதத்தைப் பிசைந்தார்.

7

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் சபை இப்போது கோயில் சுவரில் கல்வெட்டு ஒன்று வைக்கப்போகிறது. அந்த இடத்தின் கதை முழுவதும் அதில் வரவேண்டும். ஞாயிறு தோறும் கூடுகிறார்கள், குமரவேலும் வருகிறார், நன்றாகச் சண்டை போடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள். முதல் வரியே இன்னும் அமையவில்லை. யார் பெயர் முதலில், வந்தவர்களா, போனவர்களா?

சந்திரா என்னிடம் கேட்டார். நான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். நாலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் இந்தப் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒரு வரி தோன்றினால் எழுதுங்கள். எழுதிவிட்டு, ஏரிக்கரை வரை கற்பூரத் தட்டோடு நடந்தவளுக்கும், வண்டிக்குப் பின்னால் அழுதுகொண்டு போனவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.